நன்றிக் கந்தோர்

கதிர்காமத்தம்பியின் தோணியைப் பிளந்தது ஷெல் என்றுதான் கண்டல்முனையில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரியில், சனங்கள் ஆறு என்று சொல்கிற வாவியின் அக்கரையில் இருந்த இயக்கத்துக்கும் இக்கரையில் இருந்த ராணுவத்துக்கும் இடையில் நடந்த அடிபாட்டில், ஒரு ஷெல் வழிதவறிக் கரையில் வந்து விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியிருந்த தோணிதான் முன்பக்கத்திலிருந்து நடு வரைக்கும் பப்பாசிப்பழம் மாதிரிப் பிளந்து கிடந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு என்பதை அடுத்த வருடம் தை மாதத்தில்தான், நகரத்தில் ஒரு மின்விசிறிக்குக் கீழே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவன் அறிந்துகொண்டான்.

"உங்கட பிரச்சினை தோணி இல்லாதது இல்லை," என்றார் டிரெக்டர் வினாயகமூர்த்தி. "நன்றி இல்லாதது."

வாங்கில் இருந்த பன்னிரண்டு மீன்பிடிகாரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் வெளிநாட்டில மூண்டு கிழமை இதைப் படிச்சிட்டு வந்தவன். ஒரு தொழிலாளிக்கு ஆபத்து வந்தா அவனுடைய தொழில் தொடர்புகள் ஓடி வரவேணும். உங்களுக்கு ஆரும் வந்தாங்களா?"

"பிலிப்பு வந்தவன் ஐயா," என்றான் கதிர்காமத்தம்பி. "தோணி செய்யிற பிலிப்பு. அண்டைக்கே தோணிய இழுத்துக்கொண்டு போய் அவன்ட பட்டறையில வெச்சான்."

"அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினீங்களா?"

"இல்ல ஐயா. பக்கத்து வளவுக்காரன்."

"அப்ப அது தொடர்பு இல்லை. பழக்கம்." டிரெக்டர் கரும்பலகையில் 'பழக்கம்' என்று எழுதி அதன் மேல் ஒரு பெரிய குறுக்குக் கோடு போட்டார்.

வாசலில் இருந்த பலகை அந்த இடத்தைத் 'தொழிலுறவுப் பண்பு மேம்பாட்டு நிலையம்' என்று சொன்னது. அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் சனங்கள் அதை நன்றிக் கந்தோர் என்றார்கள். யுத்தத்தில் தொழில் இழந்தவர்களுக்குத் தோணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கதிர்காமத்தம்பி வந்தான். கேள்விப்பட்டதில் பொய்யில்லை. வளவுக்குள் பத்து பைபர் தோணிகள், புத்தம்புது நீல நிறத்தில், வேப்பமரத்துக்குக் கீழே கிடந்தன. பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்குபவருக்கு ஒரு தோணி. எட்டு மாதமாகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அதுவரை ஒருவரும் முடித்திருக்கவில்லை.

பயிற்சி கஷ்டமானது என்று சொல்ல முடியாது. தொழிலில் உதவி செய்த ஐந்து பேருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். கடிதத்துக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. மூன்று பந்தி. முதலாம் பந்தியில் உதவி நடந்த திகதி, நேரம், இடம். இரண்டாம் பந்தியில் உணர்ச்சி. மூன்றாம் பந்தியில் தொடர்பு. பொருளின் பெயர் வரவே கூடாது, வந்தால் அது வியாபாரக் கடிதமாகிவிடும். பிரதியொன்று கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போக வேண்டும். உதவி கிடைத்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் கடிதம் எழுதப்பட வேண்டும்; பழைய உதவிகளுக்கு, அது ஞாபகம் வந்து இருபத்துநான்கு மணித்தியாலம்.

ஐந்து பேரைத் தேடுவதுதான் பாடாக இருந்தது. ஐஸ் கொடுக்கிற காத்தான்குடி முகைதீன்பாவா ஒருவர். மீன்பிடி அனுமதிப் பாஸ் எழுதுகிற கிளாக்கர் கனகசிங்கம் ஒருவர். துறையடிச் சென்றியில், ராணுவக் காவலரணில், நிற்கிற சிங்களப் பொடியன் அபேரத்ன ஒருவன். தோணி செய்கிற பிலிப்பு, பழக்கம்தான் என்றாலும், கடிதம் எழுதினால் தொடர்பாக உயர்த்தப்படலாம் என்று டிரெக்டர் சம்மதித்தார்.

"அக்கரையில ஆரையும் தெரியுமா?" என்று கேட்டார்.

"அக்கரையே எனக்குத் தெரியாது ஐயா," என்றான் கதிர்காமத்தம்பி. வருடக்கணக்காகச் சென்றியில் சொல்லிப் பழகிய பதில், நாக்கில் தானாக வந்தது.

"அப்ப அஞ்சாவது ஆளா என்னைப் போடுங்க," என்றார் டிரெக்டர், கூச்சத்தோடு.

அவன் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதனால் கடிதத்தைத் தட்டெழுதும் வேலை மேர்சி மிஸ்ஸுக்கு வந்தது. டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மெலிந்த பெண் எட்டு மாதமாக இதையே தட்டிக்கொண்டிருந்தவள். சொன்னதைத் தட்டுவாள். ஏன் என்று கேட்கமாட்டாள். முகைதீன்பாவாவுக்கான கடிதத்தை டிரெக்டர் மூன்று தரம் திருத்தினார். அது கடைசியில் இப்படி வந்து நின்றது:

'பெருமதிப்புக்குரிய முகைதீன்பாவா அவர்களுக்கு, நீங்கள் எனக்குச் செய்துவருவதை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். குறிப்பாக, சென்ற மாதம் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, உங்கள் கடையின் பின்வாசலில் வைத்து நீங்கள் செய்த காரியம் எனக்குத் தெரியும்.

அதை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். அதற்குரிய கைம்மாறு உங்களையும் உங்கள் குடும்பத்தையும் நிச்சயமாக வந்து சேரும்.

விரைவில் நேரில் சந்திப்போம். இங்ஙனம், தங்களை என்றும் மறவாத, ச. கதிர்காமத்தம்பி.'

"நல்லா இரிக்கி," என்றான் கதிர்காமத்தம்பி. அவன் வாழ்நாளில் அவன் பெயரில் அத்தனை அழகான எழுத்து வந்ததில்லை.

கடிதத்தை மண்ணிற உறையில் போட்டு, வட்ட முத்திரை குத்தி, நன்றிக் கந்தோரின் வெள்ளை வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில், முன்பின் தெரியாத வானில் முத்திரை குத்திய உறை ஒன்று வீட்டுக்கு வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன்பே பாயைச் சுருட்டத் தொடங்குவார்கள். முகைதீன்பாவா பிரித்தும் பார்த்துவிட்டார். அன்று அசர் தொழுகைக்கு முன்பே ஐஸ் கடை பூட்டப்பட்டது. குடும்பம் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐஸ் இல்லாமல் கண்டல்முனையில் இருபது வீட்டு இறால் மணக்கத் தொடங்கியது. நான்காம் நாள், அவர்கள் ஓட்டமாவடியில் மகள் வீட்டில் இருப்பதாக யாரோ சொல்ல, கதிர்காமத்தம்பி பஸ் ஏறினான். வழியில் ஐந்து சென்றியில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, மத்தியானம் போய்ச் சேர்ந்து கதவைத் தட்டினான். சங்கிலி போட்டபடியே கதவு நான்கு விரல் அளவுக்குத் திறந்தது. முகைதீன்பாவாவின் மனைவி ஸைனம்பு. அவளை ராத்தா என்றும் பாவாவைக் காக்கா என்றும், அக்கா அண்ணன் முறையில்தான் அவன் கூப்பிடுவது.

"அவரு இஞ்ச இல்ல."

"ராத்தா, நான்தான். நண்டுத் தம்பி."

"அல்லாஹ், நீயா மனெ! உள்ள வா, உள்ள வா. வெளியில நிக்காத. ஆரோ கதிர்காமத்தம்பி எண்டொருத்தன் இவரத் தேடித் திரியிறானாம்."

"அது நான்தான் ராத்தா."

கதவு படாரென்று மூடிக்கொண்டது.

அரைமணி நேரம் திண்டாடித்தான் அவனால் உள்ளே போக முடிந்தது. நெல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து முகைதீன்பாவா வெளியே வந்தார். நான்கு நாளில் தாடி நரைத்தது போல இருந்தது. கையில் அந்தக் கடிதம்.

"இருபது வரிசமா நான் ஒன்ன நண்டுத் தம்பி நண்டுத் தம்பி எண்டு கூப்பிட்ட. ஒனக்கு இப்பிடி ஒரு பேரு இரிக்கெண்டு ஒருநாளாவது சொன்னியா? சரி, பின்வாசல்ல வெச்சு நான் என்ன செஞ்ச?"

"ஒடைஞ்ச ஐஸ் தந்தீங்க காக்கா. சும்மா."

"அத ஐஸ் எண்டு எழுதினா என்ன?"

"பொருள்ட பேரு எழுதப்படாதாம்."

"'கைம்மாறு குடும்பத்துக்கு வந்து சேரும்' எண்டு போட்டிரிக்கே?"

"அது ரெண்டாம் பந்தி, காக்கா. உணர்ச்சி."

முகைதீன்பாவா சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கதிர்காமத்தம்பிக்கு விளங்கவில்லை. கடைசியில் சொன்னார்: "நான் கடைக்கு வாறன். ஐஸும் தாறன். இனிமே நீ என்னத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காத."

கதிர்காமத்தம்பி நேரே நன்றிக் கந்தோருக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னான். டிரெக்டர் மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு பயிற்சி அறிக்கையில் எழுதிக்கொண்டார்: 'ஒரே கடிதத்தால் பயனாளியின் தொடர்பு ஓட்டமாவடி வரை விரிவடைந்துள்ளது.'

"ஆனா ஒரு பிழை நடந்திருக்கு," என்று ஒத்துக்கொண்டார். "கடிதம் தெளிவில்லை. நான் பெருந்தன்மையான ஆள், திருத்திக்கொள்ளுவன். இனிமேல் உதவி என்னவெண்டு முழு விபரத்தோடயும் எழுதவேணும். ஒண்டையும் மறைக்கக் கூடாது. நன்றியில வெளிப்படைத்தன்மை வேணும்."

அன்றே புதிய சுற்றறிக்கை போடப்பட்டது. அன்றே, அதன்படி, அடுத்த இரண்டு கடிதங்களும் தட்டப்பட்டன.

துறையடிச் சென்றி காலை ஆறு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்பது கட்டளை. அபேரத்ன ஐந்தரைக்கே கம்பியை உயர்த்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த அரைமணியில்தான் ஆற்றில் இறால் மேலே வரும் என்பது அவனுக்கும் தெரியும், அவன் தென்பகுதியில் கரைவலை இழுக்கிற மீனவர் ஒருவரின் மகன். கடிதம் இதையெல்லாம், எத்தனை நாள், எத்தனை தோணி என்ற விபரத்தோடு சொல்லி நன்றி தெரிவித்தது. அபேரத்னவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முத்திரை குத்திய கடிதம் என்பதால் அவன் பெருமையோடு மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே மொழிபெயர்க்க ஆள் இருந்தது.

மூன்றாம் நாள் அவனை வடக்கே, சண்டை நடக்கிற பக்கம் அனுப்பினார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ட்ரக்கில் ஏறப்போனவன் கதிர்காமத்தம்பியைக் கண்டு நின்றான்.

"ஐயே, ஏன் எழுதினது?" என்றான், சிங்களத்தில் அண்ணா என்று கூப்பிட்டு, மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழில். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் போலத்தான் கேட்டான்.

ட்ரக் வளைவில் மறையும் வரை கதிர்காமத்தம்பி ரோட்டிலேயே நின்றான். அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதிதாக வந்தவன் ஏழு மணிக்குத் திறந்தான். மீன் போட்ட ரெஜிபோம் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தான். மீனின் வாயையும் திறந்து பார்த்தான்.

கிளாக்கர் கனகசிங்கம் தானே சைக்கிளில் வந்தார். சென்ற வருடம் பாஸ் புதுப்பிக்கப் புதிய போட்டோ கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் பிலிம் இல்லை. கனகசிங்கம், கதிர்காமத்தம்பியின் கல்யாணப் போட்டோவிலிருந்து அவன் தலையை மட்டும் வெட்டி ஒட்டி, 'புதியது' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். அந்தத் தலையில் பதினெட்டு வருடத்துக்கு முந்திய கறுப்பு மீசையும் தோளோரத்தில் கொஞ்சம் மாலையும் இருந்தது. கடிதம் மாலையைக்கூட விடவில்லை. அவருடைய கந்தோரில் கடிதம் திறக்கிற வேலை கனகசிங்கத்துக்கு மேலே இருந்தவருடையது.

"தம்பி, நான் உனக்கு என்ன துரோகம் செய்தன்?" என்றார், சைக்கிளை விட்டு இறங்காமலே. "விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வராத எண்டிட்டாங்க. கோபம் எண்டா என்னட்ட நேரில வந்து ஏசியிருக்கலாமே. இப்பிடி நன்றி சொல்லலாமா?"

அதற்குப் பிறகு கண்டல்முனையில் ஒருவரும் கதிர்காமத்தம்பிக்கு உதவி செய்யத் துணியவில்லை. பீடிக்கு நெருப்புக் கேட்டால் தீப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றார்கள். அவன் மனைவி கண்ணகை கிண்ணத்தை நடு வீட்டில் டங்கென்று வைத்தாள்.

"வீட்டில உப்பு முடிஞ்சிரிச்சி. அடுத்த வீட்டு அன்னப்பூரணிக்கிட்டக் கேட்டன். பொட்டலத்த வேலிக்கு மேலால வீசிப்போட்டு, 'நான் தரல்லகா, அது தானா விழுந்த' எண்டு சொல்றாள். பதினெட்டு வரிசம் சனத்தோட மனிசரா இரிந்தம். ஒங்கட தோணிக் கடிதத்தால இப்ப உப்புக்கும் சாட்சி வெக்கிற நிலைமை."

"இன்னும் ரெண்டுதான் புள்ள. பிலிப்புவும் டிரெக்டரும்."

"பிலிப்புவுக்கு எழுதினீங்களெண்டா நான் சித்தாண்டிக்கு எங்கட அம்மா வீட்ட போயிருவன்."

அவன் பிலிப்புவின் பட்டறைக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. உளியைக் கீழே போட்டுவிட்டுப் பிலிப்பு கையெடுத்துக் கும்பிட்டான்.

"மச்சான், என்ட பேர வெட்டு. நான் உனக்கு ஒண்டும் செய்யல்ல. உன்ட தோணி இஞ்ச கிடக்கெண்டா அது நான் களவெடுத்த. அப்பிடியே எழுதிக் குடு, கையெழுத்து வெக்கன்."

கதிர்காமத்தம்பி தன் பிளந்த தோணியை ஒருதரம் தடவிப் பார்த்தான். பிறகு, போதும் என்று முடிவெடுத்து, நகரத்துக்குப் போய் டிரெக்டரிடம் சொன்னான்: "ஐயா, எனக்குத் தோணி வேணாம். நான் விலகுறன்."

டிரெக்டர் வருத்தப்படவில்லை. "விலகலாம். அது உங்கட உரிமை. ஆனா இடையில விலகுறவர் நிலையத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் தந்திட்டுத்தான் விலகவேணும். எப்படியும் அஞ்சாவது ஆள் நான்தானே. முழு விபரத்தோட எழுதுங்க. மேர்சி, இவர் சொல்றதைத் தட்டுங்க." சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

கதிர்காமத்தம்பிக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இருக்கவில்லை. சுற்றறிக்கை என்ன சொன்னதோ அதைத்தான் செய்தான். யன்னலால் வளவைப் பார்த்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மேர்சி மிஸ் முதல் தடவையாக, அவன் சொல்லும் வேகத்துக்கு முந்தித் தட்டினாள்.

'டிரெக்டர் ஐயா அவர்களுக்கு, பத்துத் தோணிகளை எட்டு மாதத்துக்கு மேலாக ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீரும் படாமல் பாதுகாத்து வருவதற்கு நன்றி. அதில் ஒன்றை நிமிர்த்தி வைத்துத் தாமரை வளர்த்து, வருகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவதற்கு நன்றி. இன்னொன்றை உங்கள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கொடுத்ததாக டிரைவர் சொன்னார், வாயில்லாச் சீவனுக்கு இரங்கியதற்கு நன்றி. எனக்கு உதவி செய்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நாலாவது ஆளைக் காப்பாற்ற நான் விலகுகிறேன். தொடர்பில் இருக்க வேண்டாம். இங்ஙனம், ச. கதிர்காமத்தம்பி.'

கூட்டத்திலிருந்து திரும்பிய டிரெக்டர் கடிதத்தைச் சிரித்த முகத்தோடு வாசிக்கத் தொடங்கினார். தாமரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மாட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"கதிர்காமத்தம்பி," என்றார் தாழ்ந்த குரலில், "இவ்வளவு விபரம் தேவையில்லையே."

"ஒண்டையும் மறைக்கக் கூடாதெண்டு நீங்கதானே ஐயா சொன்னீங்க."

"சரி, சரி. மேர்சி, இதை ஒருத்தரும் பார்க்கல்லத்தானே?"

"பிரதி கொழும்புக்குப் போயிட்டுது சேர்," என்றாள் மேர்சி மிஸ். "தபால் கட்டு பன்னிரண்டு மணிக்குப் போறது. இருபத்துநாலு மணித்தியாலம் எண்டு சுற்றறிக்கை இருக்கே."

அடுத்த இரண்டு கிழமையும் டிரெக்டர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளை வான் ஒன்று ரோட்டில் போனாலே எழும்பி யன்னலடிக்கு வந்தார் என்று மேர்சி மிஸ் பிறகு சொன்னாள். மாட்டுக்குப் பிளாஸ்டிக் வாளி வாங்கப்பட்டது. தாமரை பிடுங்கப்பட்டது.

மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து பதில் வந்தது. தலைமைக் கந்தோருக்கு அந்த வருடம் கிடைத்த கடிதங்களுள், ஒரே பக்கத்தில் 'நன்றி' என்ற சொல் அதிகத் தடவை வந்த கடிதம் அதுதானாம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகவும், இப்படி ஒரு பயனாளியை உருவாக்கிய வினாயகமூர்த்தி அவர்கள் கொழும்புக்கு உயர் பதவியில் அழைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அப்பால் அதை யாராவது வாசித்தார்களா என்பது பற்றிப் பதிலில் ஒன்றும் இல்லை.

பிரியாவிடைக் கூட்டத்தில் டிரெக்டர் கண்கலங்கிப் பேசினார். "இந்த மண்ணுக்கு நான் நன்றியைக் கற்றுக்கொடுத்திட்டுப் போறன். எத்தனை பேர் தொழிலுக்குத் திரும்பினாங்க எண்டு சிலர் கேட்கிறாங்க. அது குறுகிய பார்வை. எத்தனை கடிதம் போனது எண்டுதான் பார்க்கவேணும்." பேச்சு முடிந்ததும் அவர் வாகனத்தில் ஏற, கந்தோர் பூட்டப்பட்டது. படலைச் சாவி கொழும்புக்குப் போனது. தோணிகள் வளவுக்குள்ளேயே கிடந்தன.

வேலையில்லாத கதிர்காமத்தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீச்சு வலை எறிந்தான். ஒரு நாள் காலை, ஈரச் சாரத்தோடு கரையேறியவனைக் கண்ணகை வழிமறித்துப் பிலிப்புவின் பட்டறைக்குக் கூட்டிப்போனாள்.

அவனுடைய தோணி கவிழ்ந்து கிடந்தது. பிளவு இருந்த இடத்தில் புதுப் பலகை. பிலிப்பு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, கிளாக்கர் கனகசிங்கம் பழைய தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பார்க்காத," என்றார் கனகசிங்கம். "வீட்டில சும்மாதானே இரிக்கன், உன்ட புண்ணியத்தில."

"தார் எங்கால?" என்று கேட்டான் கதிர்காமத்தம்பி.

"ஐஸ் லொறியில வந்த. ஆரு போட்டதெண்டு தெரியா," என்றான் பிலிப்பு. "பலகையும் அப்பிடித்தான். ஆரோ வெச்சிட்டுப் போயிரிக்கான். நீ கேட்கவும் வேணாம், நாங்க சொல்லவும் மாட்டம். உனக்கு ஆற்றில தொழில் இரிந்தா நீ கந்தோர்ப் பக்கம் போக மாட்டாய், எங்களுக்கும் நிம்மதி."

அபேரத்னவைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. கதிர்காமத்தம்பி மட்டும் நினைத்துக்கொண்டான். நினைத்ததை எழுதவும் முடியாது, சொல்லவும் ஆளில்லை.

ஐந்தாம் நாள், ஏழு மணிக்குச் சென்றி திறந்ததும், தோணியைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒழுகவில்லை. கதிர்காமத்தம்பி ஏறிக் கம்பை எடுத்தான். கரையில் பிலிப்புவும் கனகசிங்கமும் கண்ணகையும் நின்றார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு முகைதீன்பாவாவும் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார்.

அவன் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

கரையில் நின்ற நான்கு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். கனகசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப," என்றான் கதிர்காமத்தம்பி, "வாறன்."

"ஓம், போயிட்டு வா," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில், பெரிய மூச்சாக விட்டு.

அவன் கம்பை ஊன்றித் தள்ளினான். கண்ணைத் துடைப்பதைக் கரையில் நிற்பவர்கள் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று, முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, கண்டல் மரங்களைத் தாண்டும் வரை திரும்பியே பார்க்காமல் போனான்.